பிள்ளைகளின் மனமும் மூளையும்: வடசென்னை மாணவர் ஆராய்ச்சிக்கு வரும் வழி

பிளஸ் டூ முடித்த மாணவர்களுடன் தண்டையார்பேட்டையிலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ மேற்படிப்பைப் பற்றிப் பேச உட்காரும்போதெல்லாம், "குழந்தைங்க மனசையும் மூளையையும் ஆராய்ச்சி பண்ணணும்னா டாக்டருக்குத்தானே படிக்கணும்?" என்ற கேள்வி தவறாமல் வந்துவிடும். நீட் தேர்வில் மதிப்பெண் குறைந்த அன்றே இந்த ஆசையையும் சேர்த்து மூட்டை கட்டி வைத்துவிடுகிற பிள்ளைகள் நிறையப் பேர். மருத்துவம் இத்துறைக்குள் வரும் வாசல்களில் ஒன்றுதான். இன்னும் மூன்று வாசல்கள் இருக்கின்றன. நானே விலங்கியல் படித்து, சுற்றி வளைத்து உள்ளே வந்தவன். தொடக்கத்தில் யாராவது சொல்லியிருந்தால் எனக்கு மூன்று நான்கு ஆண்டுகளாவது மிச்சமாகியிருக்கும் என்று தோன்றுகிறவற்றை இங்கே எழுதுகிறேன்.

வேலை இன்னதென்று முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. குழந்தை மனநல மருத்துவர் தம் முன் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளைக்கு என்ன செய்வது என்று யோசிக்கிறார். சிறப்பாசிரியரும் பேச்சுப் பயிற்சியாளரும் அந்தப் பிள்ளையுடன் நாள்தோறும் உழைக்கிறார்கள். ஆராய்ச்சியாளரோ நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, யாருக்கு எந்த வயதில் எது மாறுகிறது, ஏன் மாறுகிறது, எதைச் செய்தால் மாறும் என்று கேட்கிறார். வாழ்நாளில் வரும் மனநலக் கோளாறுகளில் பாதி 14 வயதுக்குள்ளும், முக்கால்வாசி 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுவதாக 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கணக்கிட்டது. இந்தியாவின் தேசிய மனநல ஆய்வு, 2015-16-இல், 13 முதல் 17 வயது வரையிலானவர்களில் 7.3 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகச் சொன்னது. மூளையும் ஏறக்குறைய இதே காலத்தில்தான் தன்னைத் திருத்திக்கொள்கிறது: தேவைக்கு மேல் உண்டான நரம்பிணைப்புகள் கழிக்கப்படுகின்றன, எஞ்சிய நரம்பிழைகளின் மேல் மயலின் என்னும் கொழுப்பு உறை படிகிறது, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே போகிறது. இவ்விரண்டும் ஒரே வயதில் நடப்பது ஏன், ஒன்று மற்றொன்றுக்குக் காரணமா என்பதைத்தான் இத்துறையில் பெரும்பாலோர் ஏதோ ஒரு மூலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நான்கு வாசல்கள்

மருத்துவ வாசல் நீளமானது. பயிற்சிக்காலத்தோடு எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, மனநல மருத்துவத்தில் எம்.டி. மூன்று ஆண்டு, அதற்கு மேல் பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்குமான மனநல மருத்துவத்தில் டி.எம். மூன்று ஆண்டு என்று கூட்டிப் பார்த்தால், முப்பது வயதைத் தொட்டுவிடுவீர்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020 முதல் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருப்பதால், கொருக்குப்பேட்டையில் மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குப் பழைய ஜெயில் சாலையிலுள்ள ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி இன்று எட்டாத தூரத்தில் இல்லை. இவ்வாசல் வழியாக வருகிறவர்களுக்கு நோயாளிகளை நேரில் அறிந்த அனுபவம் மிகப் பெரிய பலம். ஆனால் வெளிநோயாளர் கூட்டத்துக்கு நடுவே ஆராய்ச்சிக்கென்று வாரத்தில் ஒரு முழு நாளைக் காப்பாற்றிக்கொள்வதுதான் அவர்களுக்குப் பெரும்பாடு.

உளவியல் வாசலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். உளவியலில் முதுநிலை முடித்தவுடன் மருத்துவ உளவியலர் ஆகிவிடலாம் என்று பலர் நம்பிச் சேருகிறார்கள். அந்தப் பெயரில் தொழில் செய்ய இந்திய மறுவாழ்வு மன்றம் ஏற்றுக்கொண்ட தனிப் படிப்பும், அதன் பதிவும் வேண்டும். அப்படிப்பின் வடிவமும் இப்போது மாறிவருகிறது என்பதால், பணம் கட்டுமுன் அந்தக் கல்லூரியின் பெயர் அந்த ஆண்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று மன்றத்தின் இணையதளத்தில் நீங்களே பார்த்துவிடுங்கள். ஆராய்ச்சியை மட்டும் நாடுகிறவருக்கு இப்பதிவு கட்டாயமில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்திலோ மாநிலக் கல்லூரியிலோ உளவியல் படித்துவிட்டு நேராக முனைவர் பட்டத்துக்குப் போகலாம். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் இரண்டுமே நடைதூரம்.

மூன்றாவது வாசல் உயிரியல். விலங்கியல், உயிர்வேதியியல், உயிரித் தொழில்நுட்பம் இவற்றில் எதைப் படித்தவரும் முதுநிலையிலோ முனைவர் பட்டத்திலோ நரம்பறிவியலுக்குத் திரும்பலாம். மானேசரில் இருக்கும் தேசிய மூளை ஆராய்ச்சி மையம், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் நரம்பறிவியல் மையம், அறிதல் அறிவியலில் முதுநிலை நடத்தும் காந்திநகர் ஐ.ஐ.டி., ஹைதராபாத் பல்கலைக்கழகம், அலகாபாத் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் சேர்க்கை அறிவிப்புகளை ஒவ்வோர் ஆண்டும் பார்த்து வாருங்கள்.

நான்காவது வாசலை எவரும் எண்ணிப் பார்ப்பதே இல்லை: பொறியியல், கணிதம், புள்ளியியல். இன்று மூளை ஆய்வகங்கள் ஆளைத் தேடி அலைவது இந்தப் பக்கத்தில்தான். மூளையின் மின் அலைப் பதிவிலிருந்து (இ.இ.ஜி.) இரைச்சலைப் பிரிக்கத் தெரிந்த ஈ.சி.இ. மாணவருக்கு, குழந்தை உளவியலை ஆறு மாதத்தில் அடிப்படை அளவுக்குக் கற்றுக்கொடுத்துவிட முடிகிறது. எதிர்த்திசையில் அது அவ்வளவு சுலபமாக நடப்பதில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் 2022-இல் தொடங்கிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், இறந்துபோன கருச்சிசுக்களின் மூளைகளை மெல்லிய சீவல்களாக அறுத்துப் படமாக்கி, 5,132 சீவல்களின் படங்களை யாரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. அப்பணியில் மருத்துவர்களோடு பொறியாளர்களும் கணினி அறிவியலாளர்களும் பெருமளவில் உழைத்திருக்கிறார்கள். வியாசர்பாடியில் வீட்டில் உட்கார்ந்துகொண்டு கைபேசியில்கூட அதைத் திறந்து பார்க்கலாம். பார்த்துவிட்டுத் தூக்கம் வராமல் போனால் நீங்கள் இத்துறைக்கு உரியவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

புள்ளியியலைத் தள்ளிப்போடாதீர்கள்

எந்த வாசல் வழியாக வந்தாலும் இளநிலை இரண்டாம் ஆண்டுக்குள் புள்ளியியலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூளையின் படங்கள் வண்ணமயமானவை. அவற்றைப் பார்த்ததும் நம்பிவிடத் தோன்றும். 2022-இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு ஒன்று, மூளையின் அமைப்பையோ இயக்கத்தையோ ஒருவரின் நடத்தையோடு தொடர்புபடுத்தும் முடிவுகள் நிலையாக நிற்பதற்கு ஆயிரக்கணக்கானவர்களின் பதிவு தேவைப்படுகிறது என்று காட்டியது. அதற்கு முன் முப்பது, நாற்பது பேரை வைத்துச் சொல்லப்பட்ட முடிவுகள் பலவற்றையும் சந்தேகத்தோடு திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று. மூளை வளர்ச்சியை ஆராயும் அமெரிக்காவின் ஏ.பி.சி.டி. ஆய்வு 9, 10 வயதில் ஏறத்தாழ 11,800 பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பின்தொடர்வதும் இந்தக் காரணத்தால்தான். நம் ஊரில் ஒரு முனைவர் பட்ட மாணவரால் அந்த எண்ணிக்கையை எட்ட முடியாது. ஆகவே சிறிய எண்ணிக்கையில் எந்தக் கேள்விக்கு நேர்மையான விடை கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்று பிரித்தறிவதே நமக்கு வேண்டிய முதல் திறமை. ஒரே பிள்ளையைப் பலமுறை அளப்பது, ஒரு பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒப்பிடுவது போன்ற வடிவங்களில் சிறிய எண்ணிக்கையும் பேசும்.

இன்னொரு சம்பவத்தையும் மாணவர்களுக்கு நான் சொல்வதுண்டு. அமெரிக்காவில் நான்கு ஊர்களில் வறுமையில் வாழும் 1,000 தாய்மாரைச் சேர்த்து, குலுக்கல் முறையில் சிலருக்கு மாதம் 333 டாலரும் மற்றவர்களுக்கு 20 டாலரும் கொடுத்துவந்தார்கள். குழந்தைகளுக்கு ஒரு வயதானபோது, கொரோனாவின் குறுக்கீட்டால் 435 பேரிடம் மட்டுமே மூளை மின்னலையைப் பதிவு செய்ய முடிந்தது. கூடுதல் பணம் பெற்ற வீட்டுக் குழந்தைகளின் அலைகளில் வேறுபாடு தெரிவதாக 2022-இல் கட்டுரை வந்ததும், பணம் மூளையை வளர்க்கிறது என்று உலகெங்கும் செய்தி போட்டார்கள். நான்கு வயதில் அளந்தபோது அந்த வேறுபாடு தென்படவில்லை. ஆய்வாளர்கள் முன்கூட்டியே தங்கள் திட்டத்தைப் பதிவு செய்து வைத்திருந்ததால், இதையும் மறைக்காமல் வெளியிட்டார்கள். முதல் கட்டுரையோடு நிறுத்திக்கொண்டவர்களைவிட, இரண்டாவதையும் தேடிப் படித்தவர்களிடம்தான் எனக்கு மதிப்பு.

பயிற்சிக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. ஆட்டிசம் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என 1,112 பேரின் மூளைப் பதிவுகளைக் கொண்ட அபைடு தொகுப்பும், மூளைப் பதிவுகளைப் பொதுவில் வைக்கும் ஓப்பன்நியூரோ தளமும் இலவசம், ஆர், பைத்தான் என்ற கணினி மொழிகளும் இலவசம், ஐ.ஐ.டி. ஆசிரியர்களின் என்.பி.டி.இ.எல். இணையப் பாடங்களும் அப்படியே. வீட்டில் கணினியோ அமைதியான மூலையோ இல்லாதவர்களுக்குக் கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் போன்ற இடங்கள் வந்திருக்கின்றன. ஒரு திறந்த தொகுப்பை எடுத்து, வெளியான ஒரு கட்டுரையின் ஒரேயொரு வரைபடத்தை நீங்களே மீண்டும் உருவாக்கிப் பாருங்கள். நேர்காணலில் பத்துச் சான்றிதழ்களைவிட அதற்கு எடை அதிகம்.

கேள்வி எங்கிருந்து வரும்?

முனைவர் பட்டத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் "எனக்கு எஃப்.எம்.ஆர்.ஐ. செய்ய ஆசை" என்கிறார்கள். மூளை இயங்குவதைப் படமெடுக்கும் அது ஒரு கருவி. உங்கள் கேள்வி என்ன என்று கேட்டால் தயங்குகிறார்கள். வடசென்னையில் வளர்ந்தவருக்குக் கேள்விப் பஞ்சம் வரக் கூடாது. பார்சிலோனாவில் 39 பள்ளிகளில் 2,715 பிள்ளைகளை ஓராண்டு பின்தொடர்ந்து, போக்குவரத்துப் புகை மிகுந்த பள்ளிகளில் படித்தவர்களின் செயல்நினைவு (ஒரு வேலையைச் செய்யும்போதே தகவலை மனதில் நிறுத்திவைக்கும் திறன்) மெதுவாக வளர்ந்ததாக 2015-இல் எழுதினார்கள். மணலியிலும் எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் மூச்சு விடும் பிள்ளைகளை நினைக்காமல் அந்தக் கட்டுரையை நம்மால் படிக்க முடியாது. ஆனால் அதை அப்படியே தூக்கி இங்கே பொருத்திவிடவும் முடியாது. இங்கே புகையுள்ள தெருவில்தான் இரத்தசோகையும் இருக்கிறது, ஒண்டிக்குடித்தனமும் இருக்கிறது, இரவுக் கொசுவால் கெட்ட தூக்கமும் இருக்கிறது. இரும்புச்சத்துக் குறைவு தனியாகவே மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. இவற்றில் எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் ஆய்வை வடிவமைப்பது ஒரு வாழ்நாள் வேலை. அதை வெளியூரிலிருந்து வருகிறவரைவிட, எந்தத் தெருவில் எத்தனை மணிக்குத் தண்ணீர் லாரி வரும் என்று தெரிந்தவர் நன்றாகச் செய்வார்.

நம் பேச்சுமொழியும் இத்துறையில் ஒரு கருவிதான் என்பதை நான் பட்டுத்தான் கற்றேன். ஆய்வு உதவியாளனாகச் சேர்ந்த புதிதில், பெற்றோரிடம் கேட்கும் கேள்விப்பட்டியல் ஒன்றை நானே மொழிபெயர்த்தேன். ஓர் இடத்தில் நிலைகொள்ளாத தன்மையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு "அமைதியின்மை" என்று போட்டிருந்தேன். வேறொருவர் அதை மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்த்தார், மூலச் சொல்லே பிசகாமல் திரும்பி வந்தது, எல்லோருக்கும் திருப்தி. காசிமேட்டில் ஒரு தாயிடம், "உங்கள் மகனிடம் அமைதியின்மை காணப்படுகிறதா?" என்று படித்தேன்.

"அதெல்லாம் கெடையாது தம்பி. அமைதியான புள்ள. அதிர்ந்து ஒரு வார்த்த பேச மாட்டான்."

இல்லை என்ற கட்டத்தில் குறியிட்டேன். அடுத்த கேள்விக்குப் போவதற்குள் அவரே தொடர்ந்தார்: "ஆனா ஒரு நிமிசம் ஒரு எடத்துல குந்த மாட்டான். சோறு துன்ற நேரத்துலகூட நாலு வாட்டி எழுந்து ஓடிடுவான்."

அன்றுவரை நாற்பது வீடுகளில் அந்தக் கேள்விக்கு நான் வாங்கியிருந்த பதில்கள் எல்லாம் பிள்ளை சத்தம் போடுவானா, மாட்டானா என்பதற்கான பதில்கள். அவற்றைக் குப்பையில் போட்டோம். திருப்பி மொழிபெயர்ப்பது அகராதிப் பிழையைத்தான் பிடிக்கும். கேட்கிறவர் என்ன புரிந்துகொள்கிறார் என்பதை அது பிடிக்காது. ஆகவே எந்தக் கேள்விப்பட்டியலையும் களத்துக்குக் கொண்டுபோகும் முன், பத்துப் பதினைந்து பெற்றோரிடம் படித்துக் காட்டி, "இதில் என்ன கேட்கிறார்கள் என்று உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் நடத்தையையும் உணர்வுகளையும் பற்றிய 25 கேள்விகள் கொண்ட எஸ்.டி.க்யூ. போன்ற உரிமம் பெற்ற பட்டியல்களில் சொற்களை நம் விருப்பத்துக்கு மாற்றக் கூடாது. மாற்றம் வேண்டுமென்றால் உரிமையாளரிடம் அனுமதி கேட்டே செய்ய வேண்டும். சேட்டை, வாலு, மக்கு, படிப்பு ஏறல, காத்து கருப்பு பட்டிருக்கு என்று இந்தப் பகுதியில் பிள்ளைகளைப் பற்றிப் புழங்கும் சொற்களை ஒரு நோட்டில் சேர்த்துக்கொண்டே வந்தால், ஐந்தாண்டில் அதுவே ஒரு கட்டுரைக்கான சரக்காகிவிடும்.

குழந்தையை உட்காரவைப்பது

மின்முனைகள் பதித்த தொப்பியைத் தலையில் மாட்டி மூளை மின்னலையைப் பதிவு செய்யும் முறை, பாடப்புத்தகத்தில் ஒரே பத்தியில் முடிந்துவிடுகிறது. நம் பிள்ளைகளின் தலையில் தேங்காய் எண்ணெய் இருக்கும். எண்ணெய் படிந்த தோலில் மின்தடை ஏறிப் பதிவு கெட்டுப்போகும். முந்தின நாள் தலைக்குக் குளிப்பாட்டி, எண்ணெய் தடவாமல் அழைத்துவரச் சொல்ல வேண்டும்; சொன்னாலும், ஆஸ்பத்திரி போன்ற இடத்துக்குப் பிள்ளையை வறண்ட தலையோடு கூட்டிவர அம்மாக்களுக்கு மனம் வராது, வாசலில் வைத்தாவது ஒரு கை தடவிவிடுவார்கள். ஆகவே ஆய்வுக்கூடத்திலேயே ஷாம்பும் துண்டும் தலை உலர்த்தும் கருவியும் வைத்திருங்கள். இரட்டைப் பின்னலும் கனகாம்பரமும் வைத்து வரும் பெண் குழந்தைக்கு, பின்னலை அவிழ்த்தால் திரும்பப் பின்னிவிட ஓர் ஆள் வேண்டும். அந்த வேலையைக் கற்றுக்கொள்ள மறுத்த ஆண் ஆய்வாளர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களிடம் பிள்ளைகள் இரண்டாம் முறை வருவதில்லை. திருத்தணிக்கோ திருப்பதிக்கோ போய் மொட்டை போட்டுவந்த பையன் கிடைத்தால், அன்று ஆய்வகத்தில் திருவிழாதான்.

எம்.ஆர்.ஐ. அறையில் சிக்கல் வேறு வகையானது. அரைஞாண் கயிறு, அதில் கோத்த வெள்ளி, கழுத்துத் தாயத்து எல்லாவற்றையும் கழற்றாமல் உள்ளே விட முடியாது. தாயத்துத் தகட்டுக்குள் என்ன உலோகம் இருக்கிறதென்று கட்டியவருக்குத்தான் தெரியும். பாட்டிமார் கழற்ற மாட்டார்கள். அவர்களோடு வாதாடுவதில் பயனில்லை. கழற்றியதை மேசையில் வைக்காமல் பாட்டியின் உள்ளங்கையிலேயே கொடுத்து, பிள்ளை திரும்பி வரும்வரை மூடிய கையோடு வாசலில் உட்காரச் சொன்னால் பெரும்பாலும் சம்மதிக்கிறார்கள்.

பிள்ளை உள்ளே போனபின் அசையாமல் இருக்க வேண்டும். அசைந்தால் படம் மங்குவதோடு தீராது. அசைவு மூளையின் மேலுறையை (கார்டெக்ஸை) உள்ளதைவிட மெலிதாகக் காட்டும். துறுதுறுப்பு மிகுந்த பிள்ளைகள்தாம் அதிகம் அசைவார்கள் என்பதால், அவர்களுடைய மூளை வேறுபட்டது என்று நீங்கள் கண்டுபிடித்தது வெறும் அசைவின் அளவாகவே இருக்கலாம். அசைந்தவர்களின் படங்களை எல்லாம் தள்ளிவிட்டாலோ, யாரைப் பற்றி ஆராய வந்தீர்களோ அவர்களையே வெளியே அனுப்பிவிட்டதாகும். இதற்குக் குறுக்குவழி இல்லை: பொய்யான சுரங்கம் ஒன்றைச் செய்து, இயந்திரத்தின் இரைச்சலை ஒலிபெருக்கியில் போட்டு, சிலைபோல் படுக்கும் விளையாட்டாக அதைப் பழக்கி, அதன் பிறகே உள்ளே அனுப்ப வேண்டும். ஒரு பிள்ளையின் இருபது நிமிடப் பதிவுக்கு அரை நாள் ஆகும். ஆய்வுத் திட்டம் எழுதும்போதே அந்த அரை நாளைக் கணக்கில் சேருங்கள்.

ஒப்புதல்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் குழந்தைகளை உட்படுத்தும் ஆய்வுகளுக்கென்று 2017-இல் தனி நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். அதோடு 7 வயது முதல் பிள்ளையின் வாய்மொழி இசைவும், 12 முதல் 18 வயது வரை எழுத்துமூலமான இசைவும் வேண்டும். ஒப்புதல் படிவத்தின் தமிழ், பத்திரப்பதிவு அலுவலகத் தமிழாக இருந்தால் அதை ஒப்புதல் என்று நான் ஏற்க மாட்டேன். கைநாட்டு வைப்பவருக்கு ஆய்வோடு தொடர்பில்லாத ஒருவர் சாட்சியாக உடனிருக்க, முழுவதையும் படித்துக் காட்ட வேண்டும். தலைமையாசிரியர் சரி என்று சொன்னதால் வகுப்பே வரிசையில் வந்து நிற்பது இங்கே சாதாரணம்; அந்த வரிசையில் வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் நிற்கும் பிள்ளையைக் கண்டுகொண்டு, வகுப்புத்தோழர்கள் கேலி செய்யாதபடி அதைத் திருப்பி அனுப்பப் பழகுங்கள்.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று பிள்ளையிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பாலியல் கொடுமை பற்றித் தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி நீங்கள் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும். இதை ஒப்புதல் பெறும்போதே பெற்றோருக்கும் பிள்ளைக்கும் சொல்லிவிட வேண்டும். மனச்சோர்வோ தற்கொலை எண்ணமோ வெளிப்பட்டால் அன்றே யாரிடம் அனுப்புவீர்கள் என்பதும் களத்துக்குப் போகுமுன் எழுத்தில் இருக்க வேண்டும்: ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவா, கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகமா, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையா என்று இடத்தையும், அங்கே வெளிநோயாளர் நாட்களையும் குறித்துக்கொள்ளுங்கள். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணும் 1098 என்ற சிறார் உதவி எண்ணும் உங்கள் அட்டையில் அச்சாகியிருக்கட்டும்.

பணமும் வழிகாட்டியும்

யு.ஜி.சி. நெட் தேர்வில் உளவியலோ, சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் உயிரறிவியலோ எடுத்து இளநிலை ஆய்வு நல்கை பெற்றால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும், இரண்டாண்டுக்குப் பின் 42,000 ரூபாயும், அவற்றோடு வீட்டு வாடகைப் படியும் கிடைக்கும். காகிதத்தில் மாதாமாதம் என்றுதான் இருக்கும். எனக்கு ஒருமுறை ஐந்து மாதம் வராமல் மொத்தமாக வந்தது. வீட்டில் உங்கள் வருமானத்தை எதிர்பார்க்கிறார்கள் என்றால், மூன்று மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு சேருங்கள், அல்லது முதலில் ஒரு திட்டத்தில் ஆய்வு உதவியாளராகச் சம்பளத்துக்குச் சேர்ந்து ஓராண்டு சேமியுங்கள். அந்த ஓராண்டில் இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்தவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் இளநிலைக் காலத்தில் உதவும். பட்டியல் சாதி மாணவர்களும் நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பத்தவரும் வெளிநாட்டில் படிக்க மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை இருக்கிறது. நம் பகுதியில் அதற்கு விண்ணப்பிக்கத் தகுதி உள்ளவர்கள் ஏராளம், விண்ணப்பிக்கிறவர்கள்தான் குறைவு. அமெரிக்காவில் முனைவர் பட்டம் ஐந்து ஆறு ஆண்டு ஆனாலும் நல்ல துறைகளில் கட்டணத்தையும் வாழ்க்கைச் செலவையும் அவர்களே ஏற்பார்கள் என்பது, சொந்தப் பணத்தில்தான் போக வேண்டும் என்று நினைத்து ஒதுங்குகிறவர்களுக்குத் தெரிய வேண்டிய செய்தி.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதைவிட முக்கியம் என்பது என் கருத்து. எழுதும் மின்னஞ்சல் பத்து வரிக்கு மேல் போக வேண்டாம். மூளை ஆராய்ச்சியில் தமக்குச் சிறுவயது முதலே தணியாத ஆர்வம் என்று தொடங்கும் கடிதங்கள் எனக்கு வாரம் இரண்டு வருகின்றன. எதற்கும் நான் பதில் எழுதியதில்லை என்பதைக் கொஞ்சம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். "உங்கள் கட்டுரையின் மூன்றாவது படத்தில் எட்டு வயதுப் பிள்ளைகளின் எண்ணிக்கை மட்டும் குறைந்திருக்கிறதே, அவர்கள் அசைந்ததாலா?" என்று ஒரு மாணவி கேட்டிருந்தார். அன்று மாலையே தொலைபேசியில் அழைத்தேன். சேருமுன் அந்த ஆய்வகத்தின் பழைய மாணவர்கள் இருவரிடமாவது தனியாகப் பேசுங்கள்: எத்தனை ஆண்டில் பட்டம் முடித்தார்கள், கட்டுரைகளில் யார் பெயர் முதலில் வந்தது, பாதியில் விலகியவர்கள் உண்டா, பிரசவ விடுப்பில் போனவருக்குத் திரும்ப இடம் இருந்ததா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அந்தத் தயக்கமும் பதில்தான். பணம் கட்டினால் பதினைந்து நாளில் கட்டுரையை அச்சிட்டுத் தருகிறோம் என்று வரும் இதழ்களின் பக்கம் வழிகாட்டியே தள்ளினாலும் போகாதீர்கள்.

பட்டம் முடிந்தபின் இரண்டு மூன்று ஆண்டு வேறோர் ஆய்வகத்தில் முதுமுனைவர் பணி, பின் ஆராய்ச்சிக்கு நிதி தரும் இந்தியா அலையன்ஸ் அமைப்பின் நல்கையோ மத்திய அரசின் அனுசந்தான் அறக்கட்டளையின் திட்டமோ பெற்றுச் சொந்தக் குழு அமைப்பது என்பது வழக்கமான பாதை. பேராசிரியர் பணியிடங்கள் குறைவு. அண்ணா நகரில் 1984 முதல் இயங்கும் ஸ்கார்ஃப் போன்ற மனநல ஆய்வு அமைப்புகளிலும், முட்டுக்காட்டிலுள்ள பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனத்திலும் முறையான ஆராய்ச்சி நடக்கிறது. பல்கலைக்கழக வேலை கிடைக்காவிட்டால் துறையே முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டியதில்லை.

கடைசியாக, ஆய்வுக்குப் பிள்ளைகளை அனுப்பியவர்களிடம் முடிவுகளைத் திரும்பக் கொண்டுபோகும் வேலை. தனித்தனிப் பிள்ளைக்கு "மூளை ரிப்போர்ட்" கொடுக்காதீர்கள். ஆராய்ச்சிக்கான பதிவு நோயறிதல் அல்ல. மொத்த முடிவைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி, கூட்டம் போட்டுச் சொல்லுங்கள். நாள் குறிக்கும்போது ஊரைக் கேட்டுக் குறியுங்கள். காசிமேட்டில் ஞாயிறு காலை மீன் ஏலத்தை விட்டுவிட்டு யாரும் வர மாட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்குப் போகும் அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள், கூட்டத்துக்கும் வருவார்கள். ஆனால் அந்த மாதங்களில் கையில் காசு இருக்காது, வீட்டில் சச்சரவு கூடியிருக்கும். குடும்ப மன அழுத்தத்தை அளக்கும் கேள்விகளை அப்போது கேட்டுவிட்டு, ஒப்பிட வேண்டிய மற்றொரு பகுதியில் அதையே தை மாதத்தில் கேட்டால், இரண்டு தெருக்களின் வேறுபாடு என்று நீங்கள் எழுதப்போவது இரண்டு மாதங்களின் வேறுபாடாக இருக்கும். கூட்டத்தைத் தடைக்காலத்தில் வையுங்கள். அளவீட்டை இரு இடத்திலும் ஒரே மாதத்தில் வையுங்கள்.